கலப்புப் பயிர்களும் குரோமோஸோம் கணக்கும்
விதை எடுக்கத் தக்கது எது, கரணை நடத் தக்கது எது?

"விதை ஒன்று போடச் சுரை ஒன்று முளைக்குமா?" என்று கேட்பது நம்மவர் வழக்கம். முளைக்காது என்பதே அதன் கருத்து. ஆயினும், கலப்புப் பயிர்கள் மிகுந்துள்ள இந்நாளில், கடையில் வாங்கிய விதையால் ஒரே சீராக விளைந்த பயிரின் மணிகளை மறு வருஷம் விதைத்தால், நெட்டையும் குட்டையும், முந்தியதும் பிந்தியதுமாகப் பலவிதச் செடிகள் தோன்றுவதைக் குடியானவர்கள் பலர் கண்டிருக்கிறார்கள். வேறு சில கலப்புப் பயிர்களில் விதையே பிடிப்பதில்லை. இன்னும் சிலவோ, கலப்பினால் பிறந்தவையாயிருந்தும், தலைமுறை தலைமுறையாகத் தாயைப் போலவே விளைந்து வருகின்றன. மூன்றும் கலப்புத்தான், பலன் மட்டும் ஏன் இவ்வாறு வேறுபட வேண்டும்?

கம்பு-நேப்பியர் புல்லுக்கு விதை எங்கே கிடைக்கும்? கலப்புப் பருத்தியின் கொட்டையை மறு வருஷத்துக்கு வைத்துக் கொள்ளலாமா? பூவன் வாழையில் ஏன் விதை இல்லை? கரும்பை ஏன் கரணையால் மட்டுமே நடுகிறோம்? டிமான்ஸ்டிரேட்டர்களிடம் கிராமந்தோறும் கேட்கப்படும் இக்கேள்விகள் வெவ்வேறாகத் தோன்றினாலும், அவற்றுக்கு விடை ஒரே இடத்தில்தான் இருக்கிறது. அது பயிரின் உயிரணுக்களில் அடங்கிய குரோமோஸோம்களின் கணக்கு. இக்கணக்கை அறிந்தவர் விதைக்காக வீண் பணம் கொடுக்க மாட்டார். வைத்துக் கொள்ளத் தக்க விதையை வீணாக்கவும் மாட்டார்.

குரோமோஸோம் என்பது யாது?

செடியின் வேர், தண்டு, இலை, பூ யாவும் கண்ணுக்குப் புலப்படாத சிறு உயிரணுக்களால் ஆனவை. வேர் நுனியைச் சாயத்தில் தோய்த்து மைக்ராஸ்கோப்பு என்னும் பூதக்கண்ணாடிக் கருவியின் கீழ் வைத்துப் பார்த்தால், இரண்டாகப் பிரியும் தறுவாயிலுள்ள உயிரணுக்களில் சாயம் ஏறிய சிறு திரிகள் தெரியும். அவையே குரோமோஸோம்கள். செடியின் உயரம், வயது, மணியின் நிறம், நோய் தாங்கும் தன்மை முதலிய குணங்களுக்குரிய மூலங்கள் இத்திரிகளில் வரிசையாக அமைந்துள்ளன.

ஒவ்வொரு பயிர் ஜாதிக்கும் இத்திரிகளின் எண்ணிக்கை பெரும்பாலும் மாறாதது. நெல்லில் 24, கம்பில் 14, நேப்பியர் புல்லில் 28, சோளத்திலும் மக்காச்சோளத்திலும் 20, கருங்கண்ணி, உப்பம் போன்ற நாட்டுப் பருத்திகளில் 26, கம்போடியா முதலிய அமெரிக்கப் பருத்திகளில் 52. எண்ணிக்கை மிகுந்தது உயர்ந்த பயிர் என்றும், குறைந்தது தாழ்ந்தது என்றும் எண்ணி விடலாகாது. கம்பின் 14 அதற்குப் போதுமானது. கரும்பின் நூற்றுக்கு மேற்பட்ட எண்ணிக்கை அதற்கு வேண்டியது.

மேற்கண்ட எண்கள் யாவும் இரட்டைப்படையாக இருப்பது கவனிக்கத் தக்கது. நெல்லின் 24 திரிகளும் 12 ஜோடிகள். ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்று மகரந்தத்தின் வழியாகத் தந்தையிடமிருந்தும், மற்றொன்று சூலின் வழியாகத் தாயிடமிருந்தும் வந்தது.

பாகப்பிரிவினை

செடி பூக்கும்போது மகரந்தத்திலும் சூலிலும் இத்திரிகள் பாதியாகக் குறைய வேண்டும். குறையாவிடில் தலைமுறைதோறும் எண்ணிக்கை இரட்டித்துக் கொண்டே போய்விடும். இப்பாகுபாடு நடக்கும் விதத்தை, சகோதரர் இருவர் சொத்தைப் பங்கிடுவதற்கு ஒப்பிடலாம். வீட்டில் ஒவ்வொரு சாமானும் இரண்டிரண்டாக இருந்தால், ஏர் ஒன்று அண்ணனுக்கு, ஏர் ஒன்று தம்பிக்கு. அண்டா ஒன்று இவனுக்கு, ஒன்று அவனுக்கு என்று தகராறின்றிப் பங்கு முடியும். இருவரும் குறைவின்றித் தனிக் குடித்தனம் நடத்தலாம். அவ்வாறே ஜோடித் திரிகள் முதலில் ஒன்றோடொன்று சேர்ந்து நின்று, பிறகு இரு புறமும் ஒவ்வொன்றாகப் பிரிகின்றன. நெல்லின் மகரந்தத்துக்கு 12-ம் சூலுக்கு 12-ம் கிடைப்பது இவ்விதமே.

சில சாமான்கள் மட்டும் ஒற்றையாக இருந்தால் என்ன ஆகும்? ஒருவனுக்கு ஏர் போய்விடும். மற்றவனுக்கு மாடு மட்டும் இருக்கும். இரு குடித்தனமும் நடவாது. ஜோடியில்லாத் திரிகளையுடைய செடியின் மகரந்தமும் சூலும் இத்தகைய குறைப்பங்கையே பெறுகின்றன. அவற்றில் பெரும்பாலானவை உயிரற்றுப் போகின்றன, விதை பிடிப்பதில்லை.

இனி, கலப்புப் பயிர்களை இக்கணக்கின்படி மூன்று வகையாகப் பிரித்துப் பார்ப்போம்.

முதல் வகை: சம எண்ணிக்கையுள்ள பெற்றோர்

மக்காச்சோளக் கலப்பில் தாய்க்கு 20, தந்தைக்கு 20. வீரியக் கம்பில் இரண்டுக்கும் 14. 1970-ஆம் ஆண்டில் குஜராத்தில் சி. டி. படேல் என்பவரால் வெளியிடப்பட்ட எச்-4 என்னும் கலப்புப் பருத்தியில் பெற்றோர் இரண்டும் 52 கொண்ட ஒரே ஜாதி. 1972-ல் கர்நாடகத்தின் தார்வாரில் உண்டாக்கப்பட்ட வரலக்ஷ்மி என்னும் கலப்புக்குப் பெற்றோர் இரு வேறு ஜாதிகள். ஒன்று அமெரிக்க மேட்டுநிலப் பருத்தி, மற்றொன்று எகிப்துப் பருத்தியைச் சேர்ந்த நீண்ட இழைப் பருத்தி. ஆயினும் இரண்டிலும் 52 திரிகளே இருப்பதாலும், அவை ஒன்றுக்கொன்று ஒத்திருப்பதாலும், கலப்புச் செடியில் ஜோடி குறைவின்றிச் சேர்கிறது, காய் பிடிக்கிறது, கொட்டையும் முளைக்கிறது.

முளைப்பதனாலேயே மறு வருஷத்துக்கு அதை வைத்துக் கொள்ளலாம் என்று நினைத்தல் தவறு. முதல் தலைமுறையில் எல்லாச் செடிகளும் தாயிடம் ஒரு பங்கு, தந்தையிடம் ஒரு பங்கு பெற்று ஒரே சீராக நிற்கின்றன. அடுத்த தலைமுறையில் பங்குகள் பலவாறு கலைந்து சேருவதால், ஒரு செடி பாட்டனைப் போலவும், மற்றொன்று பாட்டியைப் போலவும், வேறொன்று இரண்டுமில்லாமலும் தோன்றும். முதல் வருஷத்து வீரியமும் குறைந்து விடும். ஆதலின் இவ்வகைக் கலப்புகளுக்கு ஒவ்வொரு சாகுபடிக்கும் புது விதை வாங்குவதே முறை.

கலப்பிலிருந்து பல தலைமுறை பொறுக்கியெடுத்து, குணம் நிலைபெற்ற பின் வெளியிடப்படும் ரகங்கள் இதற்கு மாறானவை. 1974-ல் கோயம்புத்தூரிலிருந்து வெளிவந்த சுவின் பருத்தி அத்தகையது. அதன் விதையை வைத்துக் கொள்ளலாம். ஆனால் 52 திரிகளுள்ள வேறு பருத்தி பக்கத்தில் இருந்தால் தேனீக்களால் கலப்பு ஏற்படும். ஆகையால் சான்று விதைக்கு 30 மீட்டரும், ஆதார விதைக்கு 50 மீட்டரும் இடைவெளி விட வேண்டுமென்பது விதி.

தீவனப் பயிரில் கோ.எப்.எஸ். 29 என்னும் மறுதாம்புச் சோளமும் இவ்வாறே. அது சோளத்தையும் சூடான் புல்லையும் கலந்து பொறுக்கியெடுத்த ரகம். இரண்டுக்கும் 20 திரிகளே உள்ளமையால் விதை நன்கு பிடிக்கிறது. விதைத்து வளர்க்கும் தீவனம் வேண்டுவோர் இதனைக் கொள்ளலாம்.

இரண்டாம் வகை: ஜோடி சேராத எண்ணிக்கை

கம்பின் இனிய, மெல்லிய தழையையும், நேப்பியர் புல்லின் பல்லாண்டு நிற்கும் தன்மையையும் ஒரே செடியில் பெறவேண்டிச் செய்யப்பட்டதே கம்பு-நேப்பியர் கலப்புப் புல். இந்தியாவில் இக்கலப்பு 1953-ல் கோயம்புத்தூரில் செய்யப்பட்டது. கம்பின் 14-ல் பாதி 7. நேப்பியரின் 28-ல் பாதி 14. ஆகக் கலப்புப் புல்லுக்கு 21. நேப்பியர் தரும் 14-ல் 7 திரிகள் கம்பின் 7 திரிகளுக்கு உறவானவை. அவை ஓரளவு ஜோடி சேரும். எஞ்சிய 7 ஒற்றையாகவே நிற்கும். முன் சொன்ன பாகப்பிரிவினைத் தகராறு இங்கே முழு அளவில் நேரிடுகிறது. கதிர் வரும், அதில் முளைக்கும் மணி இராது.

இது அப்புல்லின் குறையன்று. தழையை உத்தேசித்து வளர்க்கும் பயிருக்கு மணி பிடியாமை ஒரு வகையில் லாபமே. விதை உதிர்ந்து பக்கத்து வயலில் களையாக முளைக்கும் பயமும் இல்லை. ஆனால், "கம்பு-நேப்பியர் விதை" என்று பொட்டலம் கட்டி எவரேனும் விற்க வந்தால், அது வேறு ஏதோ ஒரு புல்லின் விதை என்று திண்ணமாகக் கொள்ளலாம். அதற்குக் கொடுத்த பணம் மட்டுமன்று, உழவும் எருவும் தண்ணீரும் ஒரு பருவமும் சேர்ந்து நஷ்டமாகும். அந்தப் பருவத்தில் கறவை மாடுகளுக்குத் தீவனமும் இராது.

இப்புல்லை இரண்டு பருவுள்ள கரணையாகவோ, வேர்பிடித்த தூர்ச் சிம்பாகவோதான் நடவேண்டும். 60 சென்டிமீட்டர் பாரில் 50 சென்டிமீட்டர் இடைவெளி விட்டு நட்டால் ஏக்கருக்குச் சுமார் 13,500 கரணைகள் பிடிக்கும். நட்ட 75 முதல் 80 நாளில் முதல் அறுப்பும், பின்னர் 45 நாளுக்கு ஒரு முறையும் அறுக்கலாம். முதலில் ஐந்து சென்ட் நிலத்தில் நட்டு, அதன் கரணைகளைக் கொண்டே அடுத்த ஆண்டு பெருக்கிக் கொள்வது சிக்கனமான வழி.

வாழையும் இவ்வகையைச் சேர்ந்ததே. காட்டு வாழையில் 22 திரிகள். பழம் நிறைய மிளகு போன்ற கடினமான விதைகள். நம் பூவன், ரஸ்தாளி, நேந்திரன், மொந்தன் ஆகியவற்றில் 33. இவை இரண்டு காட்டு ஜாதிகள் இயற்கையாகக் கலந்ததால் தோன்றியவை. பூவனிலும் ரஸ்தாளியிலும் நேந்திரனிலும் முதல் ஜாதியின் பங்கு இரண்டு, மற்றதன் பங்கு ஒன்று. மொந்தனில் அது தலைகீழ். மூன்று பங்குத் திரிகளும் சரியாகப் பிரியாமையால் விதை பிடிப்பதில்லை. மகரந்தம் படாமலே சதை பருக்கும் குணமும் வாழைக்கு உள்ளமையால் நமக்குப் பழம் மட்டும் கிடைக்கிறது. கன்று ஒன்றே அதன் வித்து.

மூன்றாம் வகை: இரட்டித்த எண்ணிக்கை

ஜோடியில்லாமையே மலட்டுத்தன்மைக்குக் காரணமானால், ஒவ்வொரு திரியையும் இரண்டாக்கி விட்டால் என்ன? ஒற்றைச் சாமானுக்கெல்லாம் இணை செய்து வைத்தால் பங்கு முடிந்து விடுமன்றோ? இயற்கையிலும் பரிசோதனையிலும் நடந்திருப்பது அதுவே.

ரஷ்யாவில் கார்ப்பெச்சென்கோ என்பவர் 1920-களில் முள்ளங்கியையும் முட்டைக்கோஸையும் கலந்தார். இரண்டுக்கும் 18 திரிகள். கலப்புக்கும் 9-ம் 9-ம் சேர்ந்து 18. எண் இரட்டைப்படையே, எனினும் முள்ளங்கியின் 9 முட்டைக்கோஸின் 9-ஐ இணையாக ஏற்கவில்லை. ஆகவே செடிகள் பெரும்பாலும் மலடாயின. எண் இரட்டைப்படையாக இருந்தால் மட்டும் போதாது, இணையும் பொருந்த வேண்டும் என்பது இதனால் விளங்கும். தற்செயலாகத் தோன்றிய சில விதைகளிலிருந்து 36 திரிகளுள்ள செடிகள் கிடைத்தன. அவற்றில் 9 ஜோடி முள்ளங்கியுடையவை, 9 ஜோடி முட்டைக்கோஸுடையவை. அவை செழிப்பாக விதை பிடித்தன. விதையும் தாயைப் போலவே முளைத்தது. ஆனால் அச்செடியில் முள்ளங்கிக் கிழங்கும் இல்லை, கோஸும் இல்லை. கணக்கு சரியானாலும் சமையலுக்கு உதவவில்லை.

நமக்கு உதவும் உதாரணங்களும் உண்டு. சம்பா கோதுமையில் 28 திரிகள். அதைப் போன்ற 28 திரிக் கோதுமை ஒன்று, 14 திரிகளுள்ள ஒரு காட்டுப் புல்லுடன் முற்காலத்தில் கலந்து, அக்கலப்பின் 21 இரட்டித்ததனால் உண்டானதே இன்று ரொட்டிக்கு அரைக்கப்படும் 42 திரிக் கோதுமை. 1940-களில் அமெரிக்காவில் மக்பேடன், ஸியர்ஸ் என்னும் இருவர் அதே பெற்றோர் வகைகளைக் கலந்து, இயற்கை செய்ததை மறுபடியும் செய்து காட்டினர்.

அமெரிக்கப் பருத்தியின் 52-ம் இவ்வாறு வந்ததே. அதன் ஒரு பாதியான 26-ல் 13 திரிகள் பெரியவை, 13 சிறியவை என்பதை ஸ்கோவ்ஸ்டெட் என்பவர் 1934-ல் எடுத்துக் காட்டினார். பெரியவை நம் நாட்டுப் பருத்தியின் இனத்தவை. சிறியவை அமெரிக்கக் காட்டுப் பருத்தியின் இனத்தவை. 1940-ல் பீஸ்லி என்பவர் நாட்டுப் பருத்தியை அமெரிக்கக் காட்டுப் பருத்தி ஒன்றுடன் கலந்து, திரிகளை இரட்டித்து, 52 உள்ள செடியை உண்டாக்கினார். அது அமெரிக்கப் பருத்தியுடன் கலந்து விதை பிடித்தது.

கருங்கண்ணியையும் கம்போடியாவையும் நேரே கலந்தால் 13-ம் 26-ம் சேர்ந்து 39, அச்செடி மலடு. ஆகையால் இரண்டும் அடுத்தடுத்த வயல்களில் இருந்தாலும், கலந்து விதை கெடும் என்று குடியானவர்கள் அஞ்ச வேண்டியதில்லை. ஆராய்ச்சியாளர் அந்த 39-ஐ 78-ஆக இரட்டித்து, நாட்டுப் பருத்தியின் வறட்சி, பூச்சி தாங்கும் குணங்களை அமெரிக்கப் பருத்திக்குக் கொண்டுவரப் பாலமாகக் கொள்கின்றனர்.

இரட்டிப்பதற்கு உதவும் மருந்து கால்சிஸின் என்பது. 1937 முதல் இது பயிர் ஆராய்ச்சியில் பரவியது. உயிரணு இரண்டாகப் பிரியும்போது திரிகளை இரு புறமும் இழுக்கும் நூல்களை இது உண்டாக வொட்டாமல் தடுக்கிறது. திரிகள் இரட்டித்தும் அணு பிரியாமல் நின்று விடுகிறது. நம் நாட்டில் செங்காந்தள், கண்வலிக் கிழங்கு என்று வழங்கும் கொடியின் விதையிலும் கிழங்கிலும் இம்மருந்தே உள்ளது. அது கொடிய விஷம். ஆராய்ச்சிச் சாலைக்கு வெளியே எவரும் அதைக் கொண்டு பரீட்சை செய்யலாகாது.

கரும்பின் தனி வழி

கோயம்புத்தூரில் 1912-ல் தொடங்கப்பட்ட கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் பார்பர் துரையும், அவருக்குப்பின் டி. எஸ். வெங்கட்ராமன் அவர்களும் செய்த வேலை உலகப் பிரசித்தமானது. வெள்ளை என்னும் சர்க்கரை மிகுந்த கரும்பில் 80 திரிகள். கோயம்புத்தூர் வட்டாரத்து நாணலில் 64. இரண்டின் பாதியும் சேர்ந்தால் 40-ம் 32-ம் 72 ஆகவேண்டும். ஆனால் இக்கலப்பிலிருந்து 1918-ல் வெளிவந்த கோ. 205 ரகத்தில் 112 திரிகள் உள்ளன. காரணம் யாதெனில், தாய்க்கரும்பு தன் 80-ஐயும் பாதியாக்காமலே கொடுத்தது. நாணல் 32-ஐக் கொடுத்தது. தாய்க்கரும்பின் இக்குணத்தை ஜாவாவில் பிரமர் என்பவர் விளக்கினார். 1930-களில் இந்நிலையத்தில் கரும்பின் திரிகளை எண்ணி ஆராய்ந்தவர் ஈ. கே. ஜானகி அம்மாள். அவர் டார்லிங்டன் என்பவருடன் சேர்ந்து 1945-ல் வெளியிட்ட பயிர்களின் குரோமோஸோம் தொகுப்பு நூல் இன்றும் போற்றப்படுகிறது.

இன்று பயிராகும் கரும்புகளில் பெரும்பாலும் 100 முதல் 130 வரை திரிகள் உள்ளன. இவ்வளவு திரிகளில் பங்கு ஒவ்வொரு முறையும் வெவ்வேறாக விழுவதால், ஒரே கதிரின் விதைகளில் ஒன்றைப் போல் மற்றொன்று இராது. ஆயிரக்கணக்கான நாற்றுகளில் தேர்ந்தெடுத்த ஒன்றே ரகமாகிறது. அதைக் கரணையால் மட்டுமே மாறாமல் காக்க முடியும். நம் வயல்களில் காணும் கோ. 86032 முழுவதும் ஒரே நாற்றின் உடல் என்று சொன்னால் மிகையாகாது.

இதில் ஓர் ஆபத்தும் உண்டு. உடல் ஒன்றேயாதலால், ஒன்றைப் பிடிக்கும் நோய் எல்லாவற்றையும் பிடிக்கும். கோ. 0238 என்னும் ரகம் உத்தரப் பிரதேசத்தின் கரும்பு நிலங்களில் மிகப் பெரும் பகுதிக்குப் பரவிய பின், செவ்வழுகல் நோய்க்கு ஆளாகிப் பெருஞ்சேதம் விளைந்தது யாவரும் அறிந்ததே. வாழையில் முடிக்கொத்து நோயும் கன்றின் வழியாகவே ஊர்விட்டு ஊர் செல்கிறது. விதைக்குப் பதிலாகக் கரணையோ கன்றோ நடுபவர் நோயையும் சேர்த்து நடாதபடி பார்த்துக் கொள்வது கடமை.

கைக்கொள்ள வேண்டியவை

1. கலப்புப் பயிர் வாங்கும்போது, அது முதல் தலைமுறைக் கலப்பா, குணம் நிலைபெற்ற ரகமா என்று கேட்டறிக. கலப்பானால் ஆண்டுதோறும் புது விதை. ரகமானால் தூய்மையாகக் காத்த சொந்த விதை.

2. கம்பு-நேப்பியருக்கு விதை என்று சொல்லி விற்பதை வாங்காதீர்கள். கரணை அல்லது வேர்ச்சிம்பு மட்டுமே நடுக.

3. விதையால் வளரும் மறுதாம்புத் தீவனம் வேண்டுமானால் கோ.எப்.எஸ். 29 போன்ற சோளத்தைக் கேட்டு வாங்குக.

4. கரும்புக்கு ஆறு முதல் எட்டு மாத வயதுள்ள விதைக் கரும்பிலிருந்து கரணை எடுக்க. சில கழிகளைப் பிளந்து பார்த்து, உள்ளே சிவப்பும் இடையிடையே வெண்திட்டும் புளித்த நாற்றமும் இருந்தால் அத்தோட்டத்துக் கரணையை ஒதுக்குக.

5. வாழைக்கன்றை முடிக்கொத்து நோயில்லாத தோப்பிலிருந்து, தாய்மரத்தைக் கண்ணால் பார்த்த பின்னரே எடுக்க.

6. ஊர் முழுவதும் ஒரே கரும்பு ரகம், ஒரே வாழை ரகம் என்று வைத்துக் கொள்ளாமல், இரண்டு மூன்று ரகங்களைப் பங்கிட்டு நடுக.

கிராம அதிகாரிகள் இவ்விஷயங்களைக் குடியானவர்கள் கூடுமிடத்தில் படித்துக் காட்டி, விதை வியாபாரம் செய்ய ஊருக்குள் வருபவர்களிடம் ரசீதும் விவரச்சீட்டும் கேட்கச் செய்தால் பெரும் உதவியாகும். குரோமோஸோம்களை எண்ணுவது ஆராய்ச்சியாளரின் வேலை. எண்ணியதன் பலனைக் கொள்வது நிலமுடையவரின் வேலை. ஜோடி பொருந்தினால் விதை, பொருந்தாவிடில் கரணை என்னும் இவ்வொரு கணக்கை மனத்தில் வைத்துக் கொண்டால், விதை வாங்குமிடத்தில் ஏமாற்றம் நேராது.